இலைப்பேன், பேன் இல்லை

(வளர்கல்வி மையத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியது)

 

இன்றைக்கு ஒரு பூச்சியைப் பற்றிப் பேசப் போகிறோம். மிகவும் சின்னப் பூச்சி. எள்ளைவிடச் சின்னது. உங்கள் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அதில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர். நம் பூச்சியின் நீளம் அவ்வளவுதான். சில வகை இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்.

இதற்குத் தமிழில் இலைப்பேன் என்று பெயர். நம் சித்தூர்ப் பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் தாமர புருகு என்பார்கள். மருந்துக் கடைக்காரர் திரிப்ஸ் என்பார். மூன்றும் ஒன்றுதான். இங்கிலீஷில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பூச்சி என்றாலும் திரிப்ஸ்தான். ஆயிரம் பூச்சி என்றாலும் திரிப்ஸ்தான். ஒருமை, பன்மை என்ற வேறுபாடு அதற்கு இல்லை.

பேன் என்று பெயர் இருப்பதால் இது தலைப்பேனுக்குச் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பேனுக்கு இறக்கை கிடையாது. அது ஆள் தலையிலும் மாட்டின் மேலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். இலைப்பேனில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கை உண்டு. அது செடியின் சாற்றைக் குடிக்கும். சின்னதாக இருக்கிறது, ஊர்கிறது என்பதற்காக யாரோ வைத்த பெயர் அது. ஆனால் களை எடுக்கும்போதும் மிளகாய் பறிக்கும்போதும் கையில், கழுத்தில் சுருக் சுருக்கென்று ஏதோ கடிக்கிறதே, பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே என்று அக்காமார்கள் சொல்வீர்கள். சில நேரம் அது இந்தப் பூச்சியாக இருக்கும். நம் தோலைச் செடி என்று நினைத்துக் குத்திப் பார்க்கிறது. அதனால் நமக்கு நோய் எதுவும் வராது.

இவ்வளவு சின்னப் பூச்சிக்கு ஒரு கூட்டம் போட வேண்டுமா என்று தாத்தா கேட்கிறார். நியாயமான கேள்வி. பதிலுக்கு இரண்டு ஊர்க் கதையைச் சொல்கிறேன். இரண்டும் நம் பக்கத்தில் நடந்தவை.

முதல் கதை அனந்தபூர் மாவட்டத்தில் நடந்தது. அது வேர்க்கடலை பூமி. நாம் மல்லாட்டை என்கிறோமே, அதுதான். 2000ஆம் ஆண்டு அங்கே கடலைச் செடியின் குருத்து கருகியது. தண்டு கருகியது. செடி செடியாகச் செத்தது. 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாதிப்பு. ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். அப்படியானால் ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் ஆகிறது. நட்டம் 300 கோடி ரூபாயைத் தாண்டியது என்று கணக்கிட்டார்கள். அந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. கிருமி செடிக்குள் நுழைய வழி செய்தது இந்த இலைப்பேன்.

இரண்டாவது கதை 2021ஆம் ஆண்டு நடந்தது. குண்டூர், பிரகாசம், கம்மம், வாரங்கல், மகபூபாபாத் எல்லாம் மிளகாய் விளையும் இடங்கள். குண்டூர் மிளகாய் மண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு கடைசியில் மிளகாய்ப் பூவுக்குள் கறுப்பாகப் பொடிப் பூச்சி வந்து உட்கார்ந்தது. பூ உதிர்ந்தது. காய் பிடிக்கவில்லை. பிடித்த காயும் கோணலாக வந்தது. எவ்வளவு மருந்து அடித்தும் நிற்கவில்லை. கடன் வாங்கி மிளகாய் போட்ட பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். டிராக்டரை விட்டு உழுதுவிட்டவர்களும் உண்டு. காய் இல்லை என்றால் பறிக்கும் வேலையும் இல்லை. கூலிக்குப் போகும் பெண்களுக்கும் அந்த ஆண்டு அடிதான்.

ஒரு மில்லிமீட்டர் பூச்சி செய்த வேலை இது. அதனால்தான் கூட்டம் போட்டோம், தாத்தா.

இனி, பூச்சியைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

இந்தப் பூச்சிக்கு ஆறு கால். உடம்பு மூன்று பகுதி. தலை, மார்பு, வயிறு. எந்தப் பூச்சிக்கும் இதுதான் கணக்கு. ஈ, எறும்பு, வெட்டுக்கிளி எதை வேண்டுமானாலும் எண்ணிப் பாருங்கள். எட்டுக் கால் இருந்தால் அது பூச்சி இல்லை. சிலந்தி வகை. இந்த ஆறு, எட்டுக் கணக்கை மறக்காதீர்கள். பின்னால் வேலைக்கு வரும்.

இறக்கைதான் இதன் அதிசயம். ஈயின் இறக்கை கண்ணாடித் தாள் போல இருக்கும். வண்ணத்துப்பூச்சியின் இறக்கை பட்டுத் துணி போல இருக்கும். இலைப்பேனின் இறக்கை ஒரு சின்னக் குச்சி. அந்தக் குச்சியின் ஓரம் முழுவதும் மயிர். புடவை முந்தானையில் குஞ்சம் கட்டுவோமே, அப்படி. விஞ்ஞானிகள் இந்தக் குலத்திற்கு வைத்த பெயர் தைசனாப்டிரா. கிரேக்க மொழியில் குஞ்சம் வைத்த இறக்கை என்று பொருள்.

மயிர் வைத்த குச்சியால் எப்படிப் பறக்கும்? நமக்குக் காற்று லேசானது. கையை வீசினால் தடுப்பதில்லை. இவ்வளவு சின்ன உடம்புக்குக் காற்றே தண்ணீர் போலக் கெட்டியாக இருக்கும். துடுப்புப் போடுவது போலப் போட்டு நீந்துகிறது. நெடுந்தூரம் தானாகப் பறக்காது. காற்று தூக்கிக்கொண்டு போகும். ஒரு கழனியில் இருந்து அடுத்த கழனிக்கு, ஒரு ஊரில் இருந்து அடுத்த ஊருக்கு. நாற்றோடும் பூவோடும் லாரியில் ஏறியும் போகும்.

வாயும் விசித்திரம்தான். பூச்சிகளுக்கு இடது தாடை, வலது தாடை என்று இரண்டு இருக்கும். வெட்டுக்கிளி இரண்டாலும் கத்தரிக்கோல் போல வெட்டும். இலைப்பேனுக்கு இடது தாடை மட்டும்தான் வளரும். வலது தாடை வளராமல் நின்றுவிடும். அந்த ஒற்றைத் தாடையால் இலையில் ஊசி போலக் குத்தும். பிறகு உறிஞ்சுகுழலை விட்டுச் சாற்றைக் குடிக்கும். சாறு போன இடத்தில் காற்று நிறையும். அதனால்தான் இலையில் வெள்ளி பூசியது போலப் பளபளவென்று திட்டுத் தெரிகிறது. வெங்காயத் தாளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுமே, அதுவும் இதன் வேலைதான். வெங்காய இலைப்பேன் என்று தனி வகை உண்டு.

இனி அதன் வாழ்க்கையைப் பார்ப்போம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

மிளகாயில் வரும் இலைப்பேனின் பெண் பூச்சிக்கு வயிற்றின் நுனியில் ஒரு சின்ன ரம்பம் இருக்கிறது. அந்த ரம்பத்தால் இலையைக் கீறி உள்ளே முட்டையை வைத்துவிடும். முட்டை இலையின் சதைக்குள் இருக்கும். வெளியில் தெரியாது. சில நாளில் குட்டி வெளியே வரும். மஞ்சளாக, இறக்கை இல்லாமல் இருக்கும். இந்தக் குட்டி குருத்திலும் பூவிலும் புகுந்து சாற்றைக் குடிக்கும். ஒரு தடவை தோலை உரித்துப் பெரிதாகி மறுபடியும் குடிக்கும். பிறகு பெரும்பாலும் கீழே மண்ணில் விழும். மண்ணிலோ, காய்ந்த சருகுக்குள்ளோ ஒடுங்கிக் கிடக்கும். அப்போது சாப்பிடாது. இறக்கை முளைத்ததும் மறுபடியும் மேலே வரும். வெயில் காலத்தில் இவ்வளவும் இரண்டு, மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

இப்போது யோசியுங்கள். காலையில் டேங்கைத் தோளில் மாட்டி மருந்து அடிக்கிறோம். முட்டை இலைக்குள் இருக்கிறது. மருந்து படாது. கூட்டுப் பருவம் மண்ணில் இருக்கிறது. மருந்து படாது. பூவின் மடிப்புக்குள் இருப்பவற்றுக்கும் சரியாகப் படாது. வெளியே உலாவுகிற கொஞ்சம்தான் சாகும். நான்கு நாளில் இலைக்குள் இருந்து அடுத்த கூட்டம் வரும். மருந்து போலி என்று நாம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். சில நேரம் போலியாகவும் இருக்கும். அது வேறு கதை.

இன்னொரு சங்கதி. பெண் பூச்சி ஆண் இல்லாமலும் முட்டை இடும். ஆணோடு சேராமல் இட்ட முட்டை பொரித்தால் ஆண் பிறக்கும். சேர்ந்து இட்ட முட்டையில் பெண் பிறக்கும். அதனால் ஒரே ஒரு பெண் பூச்சி காற்றில் வந்து விழுந்தாலும் போதும், குடும்பம் தொடங்கிவிடும். சில வகைகளில் ஆணே வேண்டாம். பெண்ணே பெண்ணைப் பெற்றுக்கொண்டு போகும்.

சிலேட்டை எடுங்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெண் பூச்சி 50 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி பெண். அதாவது 25. ஒவ்வொன்றும் 50 முட்டை. 25ஐ 50ஆல் பெருக்கினால் 1,250. அதில் பாதி, 625 பெண். 625ஐ 50ஆல் பெருக்குங்கள். 31,250 வருகிறதா? இரண்டு மாதத்திற்குள் இவ்வளவு. எல்லாம் பிழைப்பதில்லை. மழை அடித்துக்கொண்டு போகும். வேறு பூச்சிகள் தின்னும். ஆனாலும் ஏன் திடீரென்று கூட்டமாக வருகிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

இலைப்பேன் என்று ஒரே பெயர் சொல்கிறோம். ஆனால் உலகத்தில் இதுவரை பெயர் வைத்த வகைகள் 6,000க்கும் மேல் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் 700க்கும் மேல். இத்தனையையும் எப்படிப் பிரித்து வைக்கிறார்கள்?

போன மாதம் கார்டில் விலாசம் எழுதப் படித்தோம். பெயர், தெரு, ஊர், மண்டலம், மாவட்டம், மாநிலம் என்று எழுதினோம். உயிர்களுக்கும் இப்படி ஒரு விலாசம் உண்டு. விலங்கு என்பது மாநிலம். அதற்குள் கால்களில் கணுக்கணுவாக மூட்டு இருக்கும் கணுக்காலிகள் ஒரு மாவட்டம். நண்டும் தேளும்கூட அந்த மாவட்டம்தான். அதற்குள் ஆறு கால் பூச்சிகள் ஒரு மண்டலம். மண்டலத்திற்குள் பல ஊர்கள். வண்டுகள் ஓர் ஊர். ஈக்களும் கொசுக்களும் ஓர் ஊர். இலைப்பேன்கள் ஓர் ஊர். நம் ஊருக்குப் பக்கத்து ஊர் எது தெரியுமா? மூட்டைப்பூச்சி, அசுவினி, தத்துப்பூச்சி இருக்கும் ஊர். அவையும் குத்தி உறிஞ்சுகிறவைதான்.

இலைப்பேன் ஊரில் இரண்டு பெரிய தெரு. முதல் தெருவில் இருக்கும் பெண் பூச்சிகளுக்கு நான் சொன்ன ரம்பம் உண்டு. இலைக்குள் முட்டை வைக்கும். மிளகாய், வெங்காயம், கடலை, நெல் இவற்றைக் கெடுப்பவை எல்லாம் பெரும்பாலும் இந்தத் தெருதான். இரண்டாவது தெருவுக்கு ரம்பம் இல்லை. வயிற்றின் நுனி குழாய் போல நீண்டிருக்கும். முட்டையை மேலேயே இடும். இவை பெரும்பாலும் கொஞ்சம் பெரியவை, கறுத்தவை. நகரத்தில் வீட்டு வாசலில் தொட்டியில் வைக்கிறார்களே, சின்ன இலை அத்திச் செடி, அதில் சில இலைகள் தோசை மடித்தது போல மடிந்து இருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாக ஊரும். அது இரண்டாவது தெரு ஆள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் எல்லோரும் திருடர்கள் இல்லை. இரண்டாவது தெருவில் ஏறக்குறையப் பாதிப் பேர் காய்ந்த மரத்திலும் சருகிலும் வளரும் பூஞ்சையைத் தின்று பிழைக்கிறார்கள். நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முதல் தெருவிலும் நல்லவர்கள் உண்டு. ஆறு புள்ளி இலைப்பேன் என்று ஒன்று. அது செடியைத் தொடாது. செடியைக் கெடுக்கும் சிலந்திப்பேனைப் பிடித்துத் தின்னும். நாம் அடிக்கிற மருந்தில் அதுவும் சாகிறது.

இந்தச் சின்னப் பூச்சிகளுக்காகவே வாழ்நாளைக் கொடுத்த ஒருவர் இருந்தார். பெயர் டி. என். அனந்தகிருஷ்ணன். 1925இல் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியில் பேராசிரியர். அங்கே பூச்சி ஆராய்ச்சிக்கு ஒரு நிலையத்தையும் உண்டாக்கினார். கொல்கத்தாவில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்திற்கும் தலைவராக இருந்தார். இலைப்பேன்களைப் பற்றி உலகம் முழுவதும் படிக்கிற புத்தகங்களை எழுதினார். 2015இல் காலமானார். ஒரு மில்லிமீட்டர் பூச்சியைப் பார்ப்பதற்கு ஓர் ஆயுள் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மிளகாய்க்கு வருவோம். மிளகாயில் இரண்டு இலைப்பேன் முக்கியம்.

ஒன்று பழைய ஆள். பெயர் சிர்ட்டோதிரிப்ஸ் டார்சாலிஸ். வைக்கோல் நிறம். கோயம்புத்தூரில் ஆமணக்கிலும் மிளகாயிலும் பிடித்த பூச்சியைப் பார்த்து, ஹூட் என்ற அமெரிக்கர் 1919இல் இந்தப் பெயரை வைத்தார். இது இளம் இலையில் சாறு குடிக்கும். இலை மேல்பக்கமாகச் சுருண்டு படகு போல ஆகும். பிறகு இந்தப் பூச்சி கப்பல் ஏறியது. 2005இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பரவி, அங்கே ரோஜாவையும் மிளகாயையும் கெடுத்தது. அவர்களும் இதைச் சில்லி திரிப்ஸ், அதாவது மிளகாய் இலைப்பேன் என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொன்று புது ஆள். பெயர் திரிப்ஸ் பார்விஸ்பைனஸ். தெலுங்கில் நல்ல தாமர புருகு. நல்ல என்றால் இங்கே கறுப்பு. நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்! பெண் பூச்சி கறுத்திருக்கும். ஆண் மஞ்சள். தென்கிழக்கு ஆசியாவில் இருந்து வந்தது. இந்தியாவில் முதலில் 2015இல் பெங்களூரில் பப்பாளிச் செடியில் கண்டார்கள். ஆறு ஆண்டு கழித்து மிளகாயில் பெருகியது. பழைய ஆள் இலையைத் தேடும். புது ஆள் பூவைத் தேடும். பூவுக்குள் பத்து, இருபது என்று உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அந்த ஆண்டு பூவே நிற்கவில்லை. நம்மிடம் இருந்து ஒன்று வெளிநாட்டுக்குப் போனது. வெளிநாட்டில் இருந்து ஒன்று நம்மிடம் வந்தது. நாற்று, செடி, பூ எல்லாம் ஊர் விட்டு ஊர் போகும் காலத்தில் இது நடக்கும்.

இப்போது அந்த ஆறு, எட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

மிளகாய் இலை சுருண்டால் எல்லோரும் ஒரே மருந்தைக் கேட்கிறோம். தெலுங்கு விவசாயிகள் இதில் கெட்டிக்காரர்கள். பை முடத, கிந்தி முடத என்று பிரித்துச் சொல்வார்கள். மேல் சுருட்டை, கீழ் சுருட்டை. மேல்பக்கம் சுருண்டால் இலைப்பேன். ஆறு கால். கீழ்ப்பக்கம் சுருண்டு, இலைக்காம்பு எலிவால் போல நீண்டால் அது மஞ்சள் சிலந்திப்பேன். எட்டுக் கால். அது பூச்சியே இல்லை. ஆறு கால் ஆளுக்குக் கொடுக்கும் மருந்து பல நேரம் எட்டுக் கால் ஆளுக்குக் கேட்காது. சில மருந்து அடித்தால் சிலந்திப்பேன் கூடிவிடும். ஏனென்றால் அதைத் தின்னும் பூச்சிகள் செத்துவிடுகின்றன. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸாலும் இலை சுருளும். அதற்கு எந்த மருந்து அடித்தாலும் சுருண்ட செடி திரும்பாது. ஆக, எது என்று தெரியாமல் மருந்து வாங்கினால் காசு கடைக்குப் போகும். செடி அப்படியே இருக்கும்.

தெரிந்துகொள்வது கடினம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பூவையோ குருத்தையோ அதன் மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் சின்னக் கோடு போல, நீளமாக ஏதாவது விறுவிறுவென்று ஓடினால் இலைப்பேன். பத்துச் செடியில் இப்படிப் பாருங்கள். எத்தனை ஓடுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை எழுதினால் கூடுகிறதா, குறைகிறதா என்று உங்களுக்கே தெரியும். எட்டுக் கால் ஆள் இதைவிடப் பொடி. லென்ஸ் இல்லாமல் தெரியாது. மையத்தில் ஒரு லென்ஸ் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம்? முதலில், மருந்து இல்லாத வேலைகள். நீல நிற ஒட்டுப்பொறி வையுங்கள். பூவைத் தேடும் இலைப்பேனுக்கு நீலம் பிடிக்கும். வந்து ஒட்டிக்கொள்ளும். மிளகாயைச் சுற்றி இரண்டு, மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ நெருக்கமாகப் போடுங்கள். காற்றில் வருவதைத் தடுக்கும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழை கொழுத்தால் உறிஞ்சும் பூச்சிக்கு விருந்து. வேப்ப எண்ணெய் மருந்தை ஆரம்பத்திலேயே அடிக்கலாம். கூட்டம் பெருகிய பிறகு அதனால் பெரிய பலன் இருக்காது. நெல் நாற்றங்காலில் இலை நுனி ஊசி போலச் சுருண்டால் அதுவும் இலைப்பேன்தான். அதற்கு மருந்தே வேண்டாம். நாற்று மூழ்கும்படி ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீர் கட்டினால் போதும்.

மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். பிழைத்த பூச்சியின் பிள்ளைகளுக்கு அந்த மருந்து பழகிவிடும். மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடி என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அவர் விற்க உட்கார்ந்திருக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வதை மட்டும் கேட்டு அடிக்காதீர்கள். வேளாண் அலுவலரைக் கேளுங்கள். போனில் கேட்க விவசாயிகள் அழைப்பு மையம் இருக்கிறது. எண் 1800-180-1551. காசு இல்லை. தெலுங்கிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

மருந்து டப்பாவை இப்போது நீங்களே படிக்கலாம். சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப் பாதியில் நிறம் பூசியிருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மேல் பாதியில் மண்டை ஓடு இருக்கும். அடுத்தது மஞ்சள். அதுவும் கொடியதுதான். பிறகு நீலம். கடைசியில் பச்சை. பச்சையும் நஞ்சுதான். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். உள்ளே ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அதில் இருக்கும். அந்த நாள் கணக்கைக் கட்டாயம் படியுங்கள். பறிக்க வரும் அக்காமார்களும் கேளுங்கள். "எப்போது மருந்து அடித்தீர்கள்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் கைதான் அந்தச் செடியில் படுகிறது.

அனந்தபூர்க் கதையில் ஒன்று பாக்கி வைத்தேன். அந்த வைரஸ் எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? பார்த்தீனியம் செடியில். சாலை ஓரம், தரிசு நிலம் எங்கும் வெள்ளைப் பூ பூத்து நிற்கிறதே, அதுதான். அந்தச் செடிக்குள் வைரஸ் இருந்தாலும் செடி வாடாது. பச்சையாக நிற்கும். அதன் மகரந்தத்தில் வைரஸ் இருக்கும். இலைப்பேன் அந்தப் பூவில் புரளும். மகரந்தம் உடம்பில் ஒட்டும். காற்றில் வந்து கடலைச் செடியில் உட்காரும். குத்தும். குத்திய புண் வழியாக மகரந்தத்தில் இருந்த வைரஸ் உள்ளே போகும். ஆக, கடலைக்கு வந்த நோய் கடலைக் கொல்லையில் பிறக்கவில்லை. பக்கத்துத் தரிசில் பிறந்தது.

கடலையில் இன்னொரு நோய் உண்டு. மொட்டுக் கருகல். அதையும் இலைப்பேன்தான் பரப்பும். ஆனால் வழி வேறு. அங்கே வைரஸ் பூச்சியின் உடம்புக்குள்ளேயே போய்ப் பெருகும். குட்டியாக இருக்கும்போது நோய்ச் செடியில் சாறு குடித்திருக்க வேண்டும். அப்படிக் குடித்ததுதான் பெரிதாகி இறக்கை முளைத்த பிறகு நோயைப் பரப்பும். வளர்ந்த பிறகு நோய்ச் செடியில் குடித்த பூச்சியால் பரப்ப முடியாது. அதனால் நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கிவிட்டால் அதில் குட்டி வளராது. இதை ஒரு விஞ்ஞானி கண்டுபிடித்துச் சொன்னார் என்றால் ஒரு கூலிக்காரர் கையால் செய்ய முடிகிறது.

இந்தப் பருவத்திற்குக் கடலை விதைக்க இன்னும் நாள் இருக்கிறது. ஏரிக்கரையில் இருந்து பள்ளிக்கூடம் வரை இரண்டு பக்கமும் பார்த்தீனியம் முளைத்திருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. பூப்பதற்கு முன்னால் பிடுங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். வெறும் கையால் தொட்டால் அரிக்கும். கையில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்ளுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் வர வேண்டாம். அவர்கள் மையத்தில் இருந்து பெயர் எழுதிக்கொள்ளட்டும்.